வாய்விட்டுச் சொல்லி ஓட்டிய நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போக வேண்டிய நேரத்தில், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில், பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு முன்னால் காலி வேனை நிறுத்திக்கொண்டு யாரோ ஒரு பெண்ணுக்காகக் காத்திருப்பது டைட்டஸுக்கு அவமானமாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். பாதி வாழ்நாள் ஸ்டீயரிங் பிடித்தே கழிந்திருந்தது. நரசாபுரம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு தினமும் வேன் நிறையப் பெண்களை ஏற்றிப்போய், ஷிப்ட் முடிந்ததும் அவரவர் தெருமுனையில் இறக்கிவிடுகிறவர். அவர் வண்டியில் இதுவரை ஒரு பெண்ணுக்குக்கூடக் கீறல் விழுந்ததில்லை.

ஆனால் போன மாதம் அதே கான்ட்ராக்டரின் இன்னொரு வேன் நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதியது. இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். அதிலிருந்துதான் இந்த ஏற்பாடு. பெங்களூரிலிருந்து பயிற்சியாளர் வருவார், ஒவ்வொரு டிரைவருடனும் ஒரு நாள் முழுக்க அவன் தினமும் ஓட்டுகிற ரோட்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்து வருவார், குறை நிறைகளைச் சொல்வார்.

"எவனோ தூங்கினதுக்கு நான் ஏன் பரீட்சை எழுதணும்?" என்று முந்தின நாளே மனைவி ஐடாவிடம் சொல்லியிருந்தார்.

வந்தவள் பெயர் வாணி. முப்பத்தைந்து வயது இருக்கும். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வணக்கம் சொன்னாள், டயர்களை ஒரு சுற்று பார்த்தாள், இடது பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த கருப்பு டேப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்ன ஆச்சு அண்ணா?"

"ஃபேக்டரி கேட்டு தூணு. ரொம்ப குறுகலா கட்டி வெச்சிருக்கானுங்க மேடம்."

அவள் தலையாட்டிவிட்டு கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வேன் ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டியது. டைட்டஸ் நிதானமாகத்தான் ஓட்டினார். கியர் மாற்றுவதும் பிரேக் போடுவதும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே தண்ணீர் டம்ளரை வைத்தாலும் சிந்தாது என்று தொழிற்சாலைப் பெண்கள் சொல்வார்கள். பெமல் நகர் வந்ததும் வாணி அதையேதான் சொன்னாள்.

"கை ரொம்ப சுத்தம் அண்ணா. இனிமே ஒண்ணு பண்ணலாம். உங்க கண்ணு எங்கெங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது இல்ல? ரோட்டுல என்ன பாக்கறீங்களோ அதை வாய்விட்டு சொல்லிட்டே ஓட்டுங்க. எல்லாத்தையும்."

"பேசிகினே ஓட்டக்கூடாதுன்னு சொல்லுவாங்க. நீங்க பேசுன்றீங்க."

"கதை பேச வேணாம். பாக்கறத மட்டும்."

முதலில் கூச்சமாக இருந்தது. ஏலம் போடுகிறவன் மாதிரி கத்திக்கொண்டு போவதா? ஆனால் கொஞ்ச தூரத்தில் நாக்கு பழகிவிட்டது.

"முன்னாடி பஸ்ஸு. பிரேக் லைட் எரியுது, ஆளை ஏத்தறான். எதுத்தாப்புல பைக்கு, ரெண்டு பேரு, ஹெல்மெட் இல்ல. அந்த ஆட்டோ திரும்பறதுக்கு பாக்கறான், சிக்னல் போடல. டீக்கடையாண்ட காரு, டிரைவர் உள்ள உக்காந்துனு கீறான், கதவைத் தொறந்தாலும் தொறப்பான்."

சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்தது. இவ்வளவையும் தினமும் பார்க்கிறோமா என்று தோன்றியது. கான்ட்ராக்டரிடம் இந்தப் பெண் நல்லபடியாகச் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டார்.

பங்காரப்பேட்டை பஜாரைத் தாண்டியதும் வாணி கேட்டாள்.

"இப்ப கடைசியா ஒரு அம்மா கூடையோட ரோட்டுல கால் வச்சாங்களே, அவங்கள ஏன் சொல்லல?"

"எந்த அம்மா?"

"பூக்கூடை. நம்ம எடது பக்கம்."

டைட்டஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "சொல்ல விட்டிருப்பேன் மேடம். எத்தினியத்தான் சொல்றது."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு அவள் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு தன்னையே பார்த்துக்கொண்டு வருவதுபோல டைட்டஸுக்குப் பட்டது. அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். எதிரே வந்த லாரியைச் சொன்னார், அதன் பின்னால் முந்தத் துடித்த காரைச் சொன்னார், தூரத்துப் பள்ளத்தைச் சொன்னார்.

கோலார் ரோட்டில் ஒரு தைலமரத் தோப்பு. அதையொட்டி இடப்பக்கம் ஒரு மண்பாதை வந்து தார்ரோட்டில் சேர்கிறது. "ரோடு காலி," என்று டைட்டஸ் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, வாணி "பிரேக்!" என்று அலறிக்கொண்டே கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். டைட்டஸின் கால் தானாக அழுத்தியது. வேன் குலுங்கி, பின்பக்கம் இழுத்து, நின்றது.

கண்ணாடிக்கு முன்னால் பச்சையாக ஏதோ நின்றது. புல்லுக்கட்டு. சைக்கிளின் கேரியரில் கட்டியிருந்த புல்லுக்கட்டு வேனின் மூக்கில் ஒட்டிக்கொண்டு நிற்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த கிழவர் ரோட்டில் விழுந்து கிடந்தார்.

இருவரும் இறங்கி ஓடினார்கள். நல்லவேளையாக முழங்கைத் தோல் பிய்ந்ததோடு போயிற்று. வாணி தண்ணீர் ஊற்றிக் கழுவித் துணி கட்டினாள். கிழவர் டைட்டஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்ணு காணிசல்வா நினகே?" என்று கன்னடத்தில் கேட்டார். கண் தெரியவில்லையா உனக்கு என்று. திட்டுகிற குரலே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்போலக் கேட்டார்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பிறகு, வாணி டைட்டஸைத் தோப்பு ஓரமாக ஒரு மரத்தடியில் நிற்கவைத்தாள். தானும் எதிரே நின்றாள்.

"என் மூக்கையே பாருங்க அண்ணா. வேற எங்கயும் பாக்காதீங்க. விரல் ஆடறது தெரிஞ்சா சொல்லுங்க."

இரண்டு கைகளையும் அகல விரித்தாள். வலதுபக்கம் விரல் ஆடியதும் டைட்டஸ் சொல்லிவிட்டார். பிறகு வெகுநேரம் அவள் சும்மாவே நின்றாள்.

"ஆட்டுங்க மேடம்."

"ஆட்டிட்டுத்தான் இருக்கேன்."

டைட்டஸின் இடப்பக்கம் இருந்த அவள் கை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் திடீரென்று, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, ஒரு விரல் முளைத்தது. அங்கே கறுப்பாக எதுவும் இல்லை. திரை போட்டதுபோலவும் இல்லை. அதுதான் டைட்டஸைக் கலங்கடித்தது. தைலமரங்கள் இருந்தன, வானம் இருந்தது, எல்லாம் முழுசாக இருந்தது. அதற்குள் ஒரு கை அளவுக்கு உலகமே இல்லாமல் இருந்திருக்கிறது, இல்லாதது தெரியாமலே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்.

திரும்பும்போது வாணி ஓட்டினாள். டைட்டஸ் கிளீனர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பங்காரப்பேட்டை வந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"ஆறு மாசம் குடுங்க மேடம். தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்து ஓட்டறேன். இனிமே தெரியுது இல்ல?"

அவள் ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள்.

"இந்த வேலைய விட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?"

வாணி வேனை ஓரமாக நிறுத்தினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நாளைக்குக் காலைல பின்னாடி அத்தனை பொண்ணுங்க உக்காந்திருப்பாங்க அண்ணா," என்றாள். பிறகு அவர் காது கேட்கவே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டாள். "நான் பக்கத்துல உக்காந்து பாத்ததுலயே நல்ல டிரைவர் சார். ஆனா கண்ணு போயிட்டிருக்கு. இனிமே வண்டி குடுக்காதீங்க." ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அடுத்த வாரம் ஐடா அவரை பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துகொண்டே வந்திருக்கிறது என்றார் டாக்டர். வலிக்காது, சிவக்காது, ஒன்றும் தெரியாது. போனது போனதுதான், இருப்பதை சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

"உங்க வீட்டுல யாருக்காவது பார்வை போச்சா?"

டைட்டஸின் அப்பா ஏசுபாதம் கடைசிப் பத்து வருஷம் பார்வை இல்லாமல்தான் இருந்தார். தங்கச் சுரங்கத்தில் கீழ் லெவலில் வேலை பார்த்தவர். இருட்டிலேயே கிடந்துவிட்டு கேஜ் என்கிற தூக்குக்கூண்டில் மேலே வந்ததும் வெயிலைப் பார்த்த கண், அப்படித்தான் போகும் என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். வீட்டிலும் அதையே நம்பினார்கள். டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். இருட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது ரத்தத்தில் வருவது என்றார்.

"கூடப்பிறந்தவங்க இருந்தா உடனே காட்டணும்."

"ஒரு தம்பி இருக்காரு," என்றாள் ஐடா. "அவரும் டிரைவர்தான். ஸ்கூல் பஸ்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

தம்பி லாய்ட் அடுத்த லைனில்தான் இருந்தான். அண்ணனைவிட ஐந்து வயது சின்னவன். கலகலப்பானவன். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பான். டைட்டஸ்தான் அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

அன்று மாலையே டைட்டஸ் போய் விஷயத்தைச் சொன்னார். லாய்ட் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆனால் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்ததும் கையை விட்டுவிட்டான்.

"உனுக்கு வந்தா எனுக்கும் வரணுமா? எனுக்கு ஒண்ணும் இல்லணா. நல்லாத்தான் தெரியுது."

"எனுக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது."

"ஸ்கூல்ல யாருக்காவது காதுல விழுந்தா அன்னிக்கே நிறுத்திடுவாங்க. ஜெனி இப்பத்தான் நர்சிங் சேர்ந்துகீறா." ஜெனி அவனுடைய ஒரே மகள்.

லாய்டின் மனைவி ஷைலா காபி கொண்டுவந்து வைத்தாள். லாய்ட் பேச்சை மாற்றினான்.

இரண்டு மூன்று முறை கேட்டும் அவன் பிடி கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு பஸ்ஸை ஷெட்டுக்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து டைட்டஸ் வழியில் கையைக் காட்டி ஏறிக்கொண்டார். டிரைவருக்கு இடப்பக்கம் இருந்த சீட்டில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொம்பள எனுக்கு சொல்லிக் குடுத்தா பாரு, அதே மாதிரி பாக்கறதையெல்லாம் சொல்லிகினே ஓட்டு பாக்கலாம்."

"கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரியா?" லாய்டுக்கு சிரிப்பு வந்துவிட்டது. குஷியாக ஆரம்பித்தான். "இதோ நம்ம மெக்கானிக்கு, பீடி பத்த வெக்கறாரு. எதுக்க வர்றது தண்ணி டேங்கரு, ஒழுகிகினே வருது. மாடு ஒண்ணு ரோட்டு நடுவுல மேயர் மாதிரி நிக்குது..."

டைட்டஸும் சிரித்தார். இப்போதெல்லாம் அவர் தலையை முழுதாகத் திருப்பித்தான் எதையும் பார்ப்பார். அப்படித் திருப்பி இடதுபக்க நடைபாதையைப் பார்த்துக்கொண்டே வந்தார். குழாயடியில் குடங்களோடு பெண்கள் நின்றார்கள். லாய்ட் சொல்லவில்லை. இரண்டு ஆடுகள் சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தன. சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்ல முடியுமா, விட்டுப்போயிருக்கும் என்று டைட்டஸ் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு சிறுமி சின்ன சைக்கிளில் தள்ளாடிக்கொண்டு பஸ்ஸின் ஓரமாகவே வந்தாள். அவளுடைய சிவப்பு ரிப்பன்கூட டைட்டஸுக்குத் தெரிந்தது. லாய்ட் வலதுபக்க சுவரில் இருந்த எலெக்‌ஷன் போஸ்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

மைசூர் மைன்ஸ் பக்கம் திரும்புகிற முனையில் இடது பின்சக்கரம் சிறுபாலத்தின் கட்டையில் ஏறி, பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து, தொம்மென்று இறங்கியது.

லாய்ட் பேசுவதை நிறுத்திவிட்டான். கொஞ்ச தூரம் போய் பஸ்ஸை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். எதிரே, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டின்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"எப்பத்துலேர்ந்து?" என்று கேட்டார் டைட்டஸ்.

"ஒண்ணும் இல்லணா. கட்டை வெளிய தள்ளினு கீது."

"எப்பத்துலேர்ந்துடா?"

லாய்ட் ஸ்டீயரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தான். "மழைக் காலத்துலேர்ந்து," என்றான். "உனுக்கு இன்னா ஆச்சுன்னு நீ சொன்னப்பவே எனுக்குத் தெரிஞ்சிடுச்சு. ஜெனி படிப்பு முடியட்டும்ணா. அதுக்கப்பறம் நானே விட்டுடறேன். ஆண்டவர் பாத்துக்குவாரு."

"புள்ளைங்க ஏறி எறங்கறது எந்தப் பக்கம்?"

எந்த பஸ்ஸிலும் பிள்ளைகள் ஏறி இறங்குவது இடப்பக்கம்தான்.

"நீயே போய் சொல்லிடு. திங்கக்கெழம வண்டிய எடுக்காத."

"சரிணா," என்றான் லாய்ட். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

திங்கட்கிழமை காலையில் டைட்டஸ் தெருமுனையில் போய் நின்றார். பஸ் வந்தது. ஜன்னலெல்லாம் பிள்ளைகளின் தலை. லாய்ட் அண்ணனைப் பார்த்தானா, அவன் பார்வையில் அண்ணன் விழவே இல்லையா என்று டைட்டஸுக்குத் தெரியவில்லை. பஸ் நிற்காமல் போயிற்று.

அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்படியே ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்தார். நடக்கும்போது ஒருமுறை நின்று, திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தார். பள்ளிக்கூடத்தில் பஸ்களைக் கவனித்துக்கொண்ட ஸ்டீவன் தெரிந்தவர்தான், ஒரே சபை. அவர் அறைக்கு வெளியே மணியடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, கூப்பிட்டதும் உள்ளே போய்ச் சொன்னார்.

ஸ்டீவன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கூடப்பொறந்த தம்பி டைட்டஸ். யோசிச்சு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது."

"யோசிச்சுகினுதான் வந்தேன்."

அன்று சாயங்காலம் வேறொருவன் பஸ்ஸை எடுத்தான். லாய்ட் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்று பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். சில பிள்ளைகள் கையை ஆட்டினார்களாம்.

பள்ளிக்கூடமே அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அதே வியாதிதான். அண்ணன் அளவுக்கு முற்றவில்லை, இப்போதே கண்டுபிடித்ததால் பார்வையில் பெரும்பகுதி தங்கும் என்று சொன்னார்கள். பஸ் ஓட்டத்தான் கூடாது. இதை டைட்டஸிடம் சொன்னவள் ஷைலா. வாசலில் நின்றபடியே சொன்னாள், உள்ளே வரவில்லை.

"அவரு உங்க பேரையே எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு மாமா. நான் வந்ததும் தெரியக்கூடாது."

"நீ இன்னா நெனைக்கறம்மா?"

ஷைலா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "கண்ணு தங்கிச்சின்னு ஒரு பக்கம் நெனைக்கறேன். ஜெனி முகத்தப் பாத்தா அப்படி நெனைக்க முடியல."

லைனில் வேறு மாதிரிப் பேசினார்கள். தன் பிழைப்பு போனதும் தம்பி பிழைப்பும் போகட்டும் என்று போய்ச் சொல்லிவிட்டான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் டைட்டஸ் உட்காரும் பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடமெல்லாம் காலியாக இருந்தது. ஐடாகூட ஒரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டுவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள் சொல்லிப் பாத்திருக்கலாமே. உங்க வண்டிய நிறுத்தின அந்தப் பொண்ணு மேல இருந்த கோவத்தை அவன் மேல காட்டிட்டீங்களா?"

அந்தக் கேள்வி டைட்டஸின் நெஞ்சில் தைத்து நின்றுவிட்டது. இல்லை என்று சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நடந்த அந்த வழியில் தன் மனசுக்குள் என்னென்ன இருந்தது என்று பிறகு பல நாள் தேடிப் பார்த்தார். சிவப்பு ரிப்பன் கட்டிய சிறுமி இருந்தாள். அது நிச்சயம். வேறு எதுவும் இல்லவே இல்லை என்று அவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது ஐடா தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலைக்குப் போகிறாள். டைட்டஸ் ஓட்டிய அதே வேனில்தான் போகிறாள், ரவிகுமார் என்று ஒரு வாலிபன் ஓட்டுகிறான். டைட்டஸ் பஜாரில் ஒரு டயர் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறார். லாய்ட் விடியும் முன்னே ரயிலேறி பெங்களூர் போகிறான், ஏதோ ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாட்ச்மேன் வேலை. ஜெனியின் படிப்பு நிற்கவில்லை. ஷைலா நாலு வீட்டில் சமையலுக்குப் போகிறாள்.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒரே நாளில் முறை வந்துவிட்டது. தாழ்வாரம் நிறைய ஆட்கள். டைட்டஸ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் லாய்டுக்கு மருந்து ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி, அவன் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து காலியாக இருந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். அது டைட்டஸுக்குப் பக்கத்து இடம். ஷைலா மருந்துச் சீட்டோடு கவுன்டரில் நின்றாள்.

தம்பியின் தலை நிறைய நரைத்திருந்தது. மூடின கண்ணோரத்தில் மருந்து வழிந்தது. டைட்டஸ் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி இன்னா ஆச்சுங்க?" என்று லாய்ட் பக்கத்தில் இருப்பவரை மரியாதையாகக் கேட்டான்.

டைட்டஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "பதினொண்ணு ஆவப்போதுடா," என்றார்.

லாய்டின் முகம் இறுகியது. கண்ணைத் திறக்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்தான். இடதுகையை நீட்டி சுவரைத் தேடினான், சுவர் அங்கே இல்லை. ஒரு எட்டு தடுமாறினான். டைட்டஸின் கை பாதிவரை எழுந்தது. அதற்குள் கவுன்டரிலிருந்து ஷைலா ஓடிவந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள். டைட்டஸை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனை நடத்திக்கொண்டு தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

நர்ஸ் டைட்டஸின் பெயரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து, தலையை முழுதாகத் திருப்பி வழியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, உள்ளே போனார்.